மூன்று ஜோடி ஷூவும் ஆண்கள் வாசலும்

இந்த அமெரிக்காவில் மழையில் நனைய ஆட்கள் விரும்பிப் போகிறார்கள். ஹீட்டர் வைத்த நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு, காட்டில் கூடாரம் அடித்து ஈரத்தில் படுத்தால் அதற்குப் பெயர் கேம்பிங். ரங்கூன் தாகேதாவில், வெள்ளம் புகும் வீட்டில் மழைக்காலம் முழுக்கக் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து வளர்ந்தவளுக்கு இதில் என்ன புதுமை? மகள் சந்தா ஆசைப்பட்டாள் என்று, இலைகள் சிவந்து உதிரும் அக்டோபரில் கென்டக்கிக்குப் போனோம். மறுநாள் காலையிலேயே கூடாரம் ஒழுகியது. ஒதுங்க இடம் தேடித்தான் பக்கத்திலிருந்த ஷேக்கர் கிராமத்துக்குள் நுழைந்தோம்.

ஷேக்கர்கள் ஒரு பழைய கிறிஸ்தவக் கூட்டத்தார். கடவுளுக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பிரார்த்தனைக் கூடத்தில் ஆணுக்கு ஒரு வாசல், பெண்ணுக்கு ஒரு வாசல். பழைய வழக்கப்படியே நுழையுங்கள் என்றார் வழிகாட்டிப் பெண்மணி. நான் பெண்கள் படியில் ஷூவைக் கழற்றினேன். அந்தப் பக்கம் என் கணவர் கோ மின்னும் கழற்றிக்கொண்டிருந்தார். கோவிலோ பகோடாவோ, ரங்கூனில் வளர்ந்த காலுக்குச் சாமி இடம் தானாகவே தெரியும். சேற்றுக்காகத் தயங்குகிறோம் என்று நினைத்த வழிகாட்டி, தரையைத் துடைத்துக்கொள்ளலாம் என்றார். நான் மறுத்ததும், இது இப்போது மியூசியம்தான், யாரும் கும்பிடுவதில்லை என்றார். கும்பிட்ட இடம்தானே என்றேன். சந்தா கூச்சத்தில் முகம் சிவந்து, ஷூவோடு உள்ளே போனாள்.

சுவர் முழுக்க மர ஆணிகள். பெருக்க வசதியாக அவற்றில் நாற்காலிகளைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். இவர்கள் பிள்ளை பெறவில்லை. அனாதைகளை எடுத்து வளர்த்தார்கள், அவர்களில் பலர் வளர்ந்ததும் வெளியேறினார்கள். புதிதாகச் சேர ஆளில்லாமல் கடைசியில் இந்தக் கிராமத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை என்றார் வழிகாட்டி.

பர்மியப் பௌத்தரான கோ மின்னை நான் கட்டியபோது, எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கோவில் வாசலில் அப்பாவை நிறுத்திச் சொன்னார். "கலந்துட்டா முடிஞ்சுதுய்யா. அவ பிள்ளைக்குத் தமிழும் இருக்காது, சாமியும் இருக்காது." அப்பா தலைகுனிந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சந்தாவுக்குத் தமிழ் புரியும். பதில் பர்மியத்திலோ ஆங்கிலத்திலோதான் வரும். ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் ஜெயித்துவிட்டாரோ என்று பயப்படுவேன்.

தொங்கும் நாற்காலிகளைப் பார்த்ததும் பயம் போய் வீம்பு வந்தது. ஷேக்கர்களை நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் விரும்பி எடுத்த முடிவு. எனக்குப் புத்தி சொல்ல வருகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன். தனியாக, சுத்தமாக இருந்தவர்களின் நாற்காலி சுவரில் தொங்குகிறது. எங்கள் வீட்டு நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கிறது. ஒரே அலமாரியில் புத்தரும் முருகனும் இருக்கிறார்கள். பொங்கலன்றும் பர்மிய மீன் நூடுல்ஸான மொஹிங்கா கேட்டு அடம்பிடிக்க ஒரு பிள்ளை இருக்கிறாள். இதற்காக நான் யாரிடமும் தலைகுனிய மாட்டேன்.

வெளியே வந்தால் பெண்கள் படியில் என் ஷூவைக் காணோம். குடைபிடித்து நின்றவர்கள் பார்க்கப் பார்க்க, வெறுங்காலோடு ஈரப்புல்லில் தேடியபடி ஆண்கள் வாசலுக்கு நடந்தேன். எப்போது நழுவி வெளியே வந்தாளோ, சந்தா அங்கே நின்றிருந்தாள். வழிகாட்டி பக்கத்தில் இருந்தும் குரலைத் தாழ்த்தாமல், அம்மாவுக்கும் மழைக்கும் மட்டும் பர்மியச் சொல்லைப் போட்டுத் தமிழில் சொன்னாள்.

"அமே, மோ பெய்யுது. அங்க சாரல் அடிச்சு நனையும்னு நாந்தான் எடுத்து இங்க வெச்சேன்."

கீழே பார்த்தேன். ஒரு பக்கம் கோ மின்னுடைய ஷூ, மறுபக்கம் என்னுடையது. நடுவில் அவளுடையது. அவள் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.