பாதிப் பத்திரத்தில் எழுந்தவர்

வடமதுரையில் பத்திரம் எழுதும் மொக்கைச்சாமி உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். முப்பது வருடத்தில் அவருடைய மர நாற்காலி அவர் உடம்புக்கு அச்சாகக் குழிந்துவிட்டது. பக்கத்து டீக்கடை ராபின் ஒருநாள் அதில் செத்த நேரம் உட்கார்ந்து எழுந்தவன், அன்று முழுக்க டீ கேட்டவர்களிடமெல்லாம் வில்லங்கம் ஏதும் உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். பொய்யென்றால் அவனையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவருக்கு உட்காருவதில் ஆசை ஒன்றுமில்லை. கிரயப் பத்திரத்தில் முதல் வரியைத் தொடங்கிவிட்டால், கடைசி வரி முடியும்வரை எழுதுகிறவர் எழக்கூடாது, எழுந்தால் அந்த மண் வாங்கியவருக்கு நிலைக்காது என்று அவரிடம் வரும் சனங்களுக்கு ஒரு நம்பிக்கை. முகூர்த்த நாளில் ஏழெட்டுப் பத்திரம் வரும். ஒன்று முடிகிற கையோடு அடுத்தவர் எதிரில் உட்கார்ந்து பேரைச் சொல்லத் தொடங்கிவிடுவார். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர் மூன்று மணிக்குத்தான் எழுவார். ஒன்றுக்குப் போக வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை.

வைகாசியில் இடது கெண்டைக்கால் வீங்கியது. தொட்டால் சுட்டது.

"சுளுக்குதான்," என்றார்.

"உக்காந்தே இருக்குற மனுசனுக்கு எப்பிடிச் சுளுக்கும்?" என்றாள் மனைவி சண்முகவள்ளி. "ஓடிப்போயி எவளையாச்சும் பாத்துட்டு வந்தீகளா?"

சிரித்துக்கொண்டேதான் நல்லெண்ணெய் காய்ச்சித் தந்தாள். சுளுக்கு எடுக்கிறவர் வந்து, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை மூன்று நாள் உருவினார். நான்காம் நாள் காலை பல் துலக்கும்போது மொக்கைச்சாமிக்கு மூச்சு முட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சரிந்தார்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹுஸ்னா ஸ்கேன் படத்தைச் சண்முகவள்ளியிடம் காட்டினார். "அசையாம உக்காந்தே இருந்ததுல கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கும்மா. அதைப் போயி உருவி விட்டிருக்கீங்க. ஒரு துண்டு நுரையீரலுக்கு ஏறிடுச்சு. பெரிய துண்டா இருந்திருந்தா இவரு இங்க வந்திருக்கவே மாட்டாரு."

சண்முகவள்ளி எண்ணெய் காய்ச்சித் தந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவை வந்தா?"

"வரவிடக்கூடாது. மாத்திரைய விடக்கூடாது. அரை மணிக்கு ஒருதரம் எந்திரிச்சு நடக்கணும். எதிர்ல யாரு உக்காந்திருந்தாலும் சரி."

ஆவணியில் கடைக்குத் திரும்பினார். முதல் முகூர்த்தத்தில் வந்தவள் கருப்பாயி, பூக்காட்டில் கூலிக்குப் பூப்பறிக்கிறவள். அவள் பேருக்கு வாழ்நாளில் முதன்முதலாக இரண்டு சென்ட் மண்.

பாதிப் பத்திரத்தில் அரை மணி ஆனது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயையோ, உக்காருங்கய்யா! எம் மண்ணு!"

"எந்திரிக்காட்டி எம் உசுரு, தாயி."

"செத்த நேரம்தானே? முடிச்சுப்புட்டு எந்திரிங்களேன்."

அதையேதான் முப்பது வருடமாக எல்லோரும் சொன்னார்கள். அவரும் அதைக் கேட்டு உட்கார்ந்தே இருந்தார். இன்று வீக்கம் வடியாத இடது காலை எடுத்து வைத்து, சாலையோர வேப்பமரம்வரை நடந்தார். திரும்பிப் பார்த்தபோது கருப்பாயி காகிதங்களை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு எதிர்க்கடை எழுத்தரிடம் போய்க்கொண்டிருந்தாள். காத்திருந்த மற்ற இருவரும் அவள் பின்னாலேயே போனார்கள். அவளைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"ஏத்தா கருப்பாயி!" என்று கூப்பிட்டார். "மூலப்பத்திரத்துல வடக்கெல்லை ஓடைன்னு இருக்கும். இப்ப அது பாதை. பாதைன்னே எழுதச் சொல்லு. இல்லாட்டி நாளைக்கு உன்னைய நடக்க விடமாட்டாங்க."

அவள் நின்று தலையாட்டினாள். ஆனால் திரும்பி வரவில்லை.

மொக்கைச்சாமி மரத்தை ஒருதரம் சுற்றிக்கொண்டு, இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்.