போயா நாளில் விநியோகம் இல்லை

இந்த நாட்டில் வீடு வீடாகச் சாராயம் கொண்டுபோய்க் கொடுக்க நினைக்கிறவன் அதை முதலில் தெருவுக்குச் சொல்ல வேண்டும். வாசலில் ஒரு நீலத்தாளை ஒட்ட வேண்டும். இன்னார் தன் கராஜில் போத்தல்களை வைத்து இன்ன நேரத்தில் விநியோகிக்கப் போகிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் கவுன்சிலுக்கு எழுதலாம் என்று அதில் இருக்கும். இருபத்தெட்டு நாள் அது கிழியாமல் தொங்க வேண்டும். இங்கிலாந்து மழைக்கு நான் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டேன். நாயோடு நடக்கிறவர்கள் எல்லாம் நின்று வாசித்தார்கள். ஊரில், எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் விற்ற வீட்டில் எந்தத் தாளும் ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் அது எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும். பிடிக்க வரும் பொலிஸ்காரருக்கு நன்றாகவே தெரியும், அவர் தேத்தண்ணி குடிப்பதே அங்கேதான்.

இந்த யோசனை என் மனைவி சாந்தியுடையது. நான் பல வருடமாக ஒரு பார்சல் கம்பெனிக்கு வேன் ஓட்டினேன். முதுகு போய்விட்டது. ஒருநாள் நான் தரையில் படுத்துக் கிடந்தபோது சொன்னாள்: “பொட்டி தூக்கித்தான் சாகணும்னா, நம்ம பொட்டியத் தூக்கிச் சாவுங்களேன்.” லைசன்ஸ் கிடைத்தால் சொந்தத் தொழில். கிடைக்காவிட்டால் அதே வேன், அதே முதுகு.

ஒரு லைசன்ஸ் போதாது. ஆளுக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று. ஆளுக்கான லைசன்ஸுக்கு வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். குற்றம் நடக்கக்கூடாது, பொதுமக்களுக்கு ஆபத்து வரக்கூடாது, அயலவருக்குத் தொல்லை கூடாது, பிள்ளைகளுக்குக் கெடுதி கூடாது என்று பாடமாக்கினேன். என்மீது பொலிஸ் வழக்கு உண்டா என்றும் பார்த்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் பார் லைசன்ஸ் எடுக்கவும் ஒரு தகுதி வேண்டும்தான். எந்த அரசியல்வாதி வீட்டின் பின்கதவைத் தட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும். பொலிஸ் வழக்கு இருந்தால் அந்தக் கதவு இன்னும் சீக்கிரம் திறக்கும்.

சாந்தியின் தம்பி பாலா எல்கடுவைக்குக் கீழே உக்குவளையில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறான். லயங்களுக்குப் போத்தல் கொண்டுபோய்க் கொடுப்பது அவனுடைய பக்கத்தொழில். நான் பரீட்சை எழுதிய கதையைக் கேட்டுவிட்டு போனில் விழுந்து விழுந்து சிரித்தான்.

“ஒரு போத்தலக் குடுத்துட்டு வர்றதுக்கு ஸ்கூலுக்குப் போனீங்களா மச்சான்? நான் போன் வந்தா போறேன், குடுக்குறேன், வாறேன்.”

“பொலிஸ் புடிச்சா?”

“புடிச்சா அவருக்கும் ஒண்ணு குடுக்குறேன். அவரும் மனுசன்தானேங்க.”

விண்ணப்பத்தில் கிழமை, நேரம் எல்லாம் நிரப்பிய பிறகு ஒரு பெட்டி இருந்தது. வழமைக்கு மாறான நாட்கள் இருந்தால் குறிப்பிடவும். ‘முழுநிலா நாட்களில் விற்பனை இல்லை’ என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை. எங்கள் நாட்டில் பௌர்ணமி என்றால் போயா, பௌத்தர்களின் புனித நாள், அன்றைக்குச் சாராயக்கடை திறந்தால் குற்றம். போயா இல்லாத சாராய லைசன்ஸ் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாந்திக்கும் தோன்றவில்லை. அனுப்பும்போது, “போயாவ எழுதுனீங்கதானே? அதுல மாட்டிராதீங்க” என்றுதான் கேட்டாள்.

இத்தனைக்கும் போயாவின் லட்சணம் எனக்குத் தெரியாததல்ல. இங்கே வருமுன் தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை செய்தேன். போயா நாளில் வெள்ளைக்காரர்கள் பியர் கேட்டால் மனேஜர் டீபொட்டில் ஊற்றச் சொல்வார். கோப்பையும் சோசரும் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போக வேண்டும். ஒரு கிழவர், “உங்கள் ஊர்த் தேயிலை நன்றாக நுரைக்கிறது” என்று கண்ணடித்தார். அந்தத் தேயிலைக்குக் கொழுந்து பறிக்கிற ஊரில், அதே மாலை என் அப்பா, முதல்நாளே வாங்கிப் பதுக்கியவனிடம் இரட்டை விலை கொடுத்துக் குடித்துக்கொண்டிருப்பார். அம்மாவின் அரைச் சம்பளம் அதில் போகும். சட்டம் எங்கள் லயத்தில் செய்த ஒரே வேலை விலையைக் கூட்டியதுதான்.

நீலத்தாளைப் பார்த்து ஆட்சேபணை எழுதியது ஒரே ஒருத்தி, எதிர்வீட்டு மார்கரெட். வேன் சத்தமாம், தெருவின் அமைதி கெடுமாம். குப்பை வண்டி வரும் நாளில் அவளுடைய வீட்டுப் பெட்டியிலிருந்து வெறும்போத்தல்கள் விழும் சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம். அது அமைதிக் கணக்கில் சேராது போலும்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று கவுன்சிலர்கள். தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: “முழுநிலா நாளில் ஏன் விற்கமாட்டீர்கள்? உங்கள் சமயமா?”

“இல்லை, நான் இந்து. அது பௌத்தர்களுடைய நாள்.”

“அப்படியானால் அடுத்தவர் சமயத்துக்காக உங்கள் வருமானத்தை விடுகிறீர்கள்.”

மூவருடைய முகமும் இளகிவிட்டது. ஒருவர் நெஞ்சில் கையே வைத்துவிட்டார். அப்படியெல்லாம் இல்லை அம்மா, திறந்தால் பொலிஸ் பிடிக்கும் என்பதால்தான் மூடினோம் என்று விளக்க வாயெடுத்தேன். சாந்தி மேசைக்கடியில் தொடையைக் கிள்ளினாள். “வாய மூடுங்க. குடுக்கப் போறாங்க.” ஆட்சேபணை சொல்ல வந்திருந்த மார்கரெட்டும் எழுந்து, மாதத்தில் ஓர் இரவாவது நிம்மதி என்றால் தனக்குச் சம்மதம், ஆனால் அதைக் கட்டாயம் எழுதிவிட வேண்டும் என்றாள்.

எழுதிவிட்டார்கள். லைசன்ஸ் வந்தது. இளவயதாகத் தெரிந்தால் அடையாள அட்டை பார்க்க வேண்டும். குடிவெறியில் நிற்பவருக்குக் கொடுக்கக்கூடாது. வாசலில் வைத்துவிட்டு வரக்கூடாது. கடைசி நிபந்தனை, முழுநிலா நாளில் விற்கக்கூடாது. இனி அது இந்த நாட்டுச் சட்டம், மீறினால் வழக்கு. நீக்க வேண்டுமானால் மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் நீலத்தாள், மறுபடியும் மார்கரெட். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. பார்சல் வேலையை விட்டேன், அது போதும்.

போன மாதப் போயாவுக்குப் பின்னேரம் நாலரைக்கே இருட்டி, மார்கரெட்டின் கூரைக்கு மேல் நிலா ஏறிவிட்டது. கராஜைப் பூட்டிவிட்டு, ஓடர் கொடுத்த ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். “நிலாவுக்கு என்ன வந்தது?” என்றான் ஒருவன். பாலாவுக்குப் போன் போட்டேன். அங்கே இரவு பத்து மணி இருக்கும். “இன்னைக்குப் போயா மச்சான், பேச நேரமில்ல, ஒரே ஓட்டமா இருக்கு” என்று வைத்துவிட்டான். புத்தருக்குச் சட்டம் போட்ட நாட்டில் அவன் வேகமாக எல்கடுவை ஏறிக்கொண்டிருக்கிறான். இங்கே நான் போயா அனுஷ்டிக்கிறேன்.

கதவு தட்டப்பட்டது. மார்கரெட். விருந்தாளிகள் வந்துவிட்டார்களாம், வைன் முடிந்துவிட்டதாம். “ஒரே ஒரு போத்தல். தெருவைக் கடந்தால் என் வீடு.” நான் அவளுடைய கூரைக்கு மேலே கையைக் காட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் சிவந்துபோய் வீட்டுக்குத் திரும்பினாள்.

குசினியில் சமைத்துக்கொண்டே சாந்தி குரல் கொடுத்தாள்: “பாவங்க. நம்ம குடிக்க வச்சிருக்கிறத டீபொட்ல ஊத்திக் குடுத்துட்டு வாங்க. காசு வாங்கிறாதீங்க.”

விற்றால்தானே குற்றம். ஊற்றினேன். கோப்பையும் சோசரும் வைத்தேன். தம்புள்ளையில் பழகியபடி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நிலா வெளிச்சத்தில், சிந்தாமல் தெருவைக் கடந்தேன். பாதித் தெருவில், எந்த நாட்டுப் பொலிஸுக்குப் பயந்து இப்படி மெதுவாக நடக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.