பக்கத்துப் பெட்டி

மும்பை செம்பூரில் மெட்ரோ பாலத்தடியில் பஸ் நிற்கும்போதெல்லாம், அதன் பெட்டிகளுக்கு நம்பர் எழுதியவரின் கோபம் எனக்கும் தொற்றிக்கொள்கிறது.

பாலத்துக்கான கான்கிரீட் பெட்டிகளை டிராம்பே பக்கம் ஒரு யார்டில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து வரிசையாக ஒட்டினார்கள். தாராவியில் நாங்கள் தைக்கும் தோல் கையுறைகளை அந்த யார்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கே நம்பர் எழுதுகிறவர் ஒல்லியான ஆள், புருவத்தில்கூட சிமெண்டுத் தூசி. ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்புப் பெயிண்டால் நம்பர் போட்டதும், பஸ்ஸைத் தட்டிக் கிளப்பும் கண்டக்டர்போல அதை ஒரு தட்டுத் தட்டுவார்.

"எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு அண்ணாச்சி? மாறினா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"என்ன வே பேசுதீரு? முந்தின பெட்டிய ஒட்ட வச்சுத்தான் அடுத்தத வார்க்கான். அதோட மொகம் இதுல பதிஞ்சிருக்கும். வேற எது பக்கத்துலயும் இது பொருந்தாது. மாத்தி ஏத்துனா இஞ்சினியருக்கு வேல போயிரும்."

என்னை முறைத்தார்.

"ரோட்டுக்காக எங்க வீடுகள கவர்மெண்டுக்காரன் இடிச்சானே, அப்ப மட்டும் யாரு பக்கத்துல யாருன்னு பாக்காம சீட்டுக் குலுக்கி ரூம் குடுத்தான். எம் பொண்டாட்டி வேலைக்குப் போனா பிள்ளையளுக்குச் சோறு போட்டது பக்கத்து வீட்டு பாய் சம்சாரம். இப்ப அவுக ஒரு மூலை, நாங்க ஒரு மூலை. கேட்டா, எல்லா ரூமும் ஒண்ணு போலத்தான இருக்குங்கான்."

நானும் அதையேதான் கேட்டிருந்தேன்.

அவர் திரும்பி அந்தப் பெட்டியைத் தட்டினார்.

"நீ குடுத்து வச்சவன்" என்றார் அதனிடம்.