ஏழாவது பெயர்

நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்று பெயர் கூப்பிடுவதுதான் டல்லக்கின் வேலை. ஜமைக்காவின் மலையோர ஊர் ஒன்றில் முப்பத்தொரு வருடமாகக் கூப்பிட்டார். ஒரு பெயருக்கு மூன்று முறை. ஆள் வராவிட்டால் உள்ளே போய், "பதிலில்லை" என்பார். நீதிபதி பிடிவாரண்ட் எழுதுவார்.

ஆள் நடந்து வரும் விதத்தைப் பார்த்து, குற்றம் செய்திருப்பானா மாட்டானா என்று மனதுக்குள் தீர்ப்புச் சொல்வது அவர் பழக்கம். பாதிக்குப் பாதி தப்பாகிவிடும். எப்படித் தப்புகிறது என்பதுதான் அவருக்குத் தீராத கேள்வி.

அன்று ஏழாவது பெயர் டேவியன் ரெக்கர்ட். இரண்டு ஆடு திருடிய வழக்கு. பத்து நாளுக்கு முன் போலீஸ் அவனைச் சுட்டுக் கொன்றிருந்தது. துப்பாக்கியை நீட்டிவிட்டு ஓடினானாம், போலீஸ் சொன்னது. அவன் செத்த தகவல் மட்டும் கோர்ட்டுக்கு வந்து சேரவில்லை.

"மாஸ் டல்லக், வாய மூடிட்டு இருங்க," என்றாள் தாழ்வாரத்தில் இஞ்சிப் பானம் விற்பவள். வயதில் மூத்தவரை அந்த ஊரில் 'மாஸ்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். "நேத்துதான் ஒன்பதாம் ராத்திரிப் பாட்டுப் பாடி ஆவிய அனுப்பி வச்சோம். மூணு தடவ கூப்பிட்டா திரும்பி வந்துரும். நீங்களா சோறு போடுவீங்க?"

"வந்தா ஆட்டப் பத்திக் கேட்டுக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. டேவியனின் தாய் எனிட் பெஞ்சிலிருந்து எழுந்தாள். கையில் தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை.

"கூப்பிடுங்க மாஸ் டல்லக். இன்னைக்குப் போட்டுக்கணும்னு அவனே தேச்சு வச்சது. ஓடுறவன் சட்டை தேப்பானா?"

"பதில் வரலன்னா தலைமறைவுன்னு எழுதிருவாங்க, மிஸ் எனிட்."

"வரும். நீங்க கூப்பிடுங்க."

டல்லக் கூப்பிட்டார். இரண்டாம் முறைக்குப் பானக்காரி காதைப் பொத்திக்கொண்டாள். மூன்றாம் முறை, "இங்க!" என்றாள் எனிட்.

டல்லக் உள்ளே போனார். "கூப்பிட்டேன், யுவர் ஆனர். பதில் வந்தது."

"ஆள் எங்கே?"

"தாயார் வந்திருக்காங்க. அவன போலீஸ் சுட்டுக் கொன்னுட்டாங்க."

வாரண்ட் தாளின் மேல் நீதிபதியின் பேனா நின்றது. "அம்மா, உங்களுக்குத் தெரிஞ்சத சொல்லுங்க. எல்லாத்தையும் எழுதிக்கச் சொல்றேன்."

எனிட் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். சாவை விசாரிக்க வேண்டுமென்று நீதிபதி உத்தரவிட்டார். ஆடு வழக்கை மூடினார்கள்.

டல்லக் வாசலுக்குத் திரும்பினார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் எப்படி நடந்து வந்திருப்பான்? எவ்வளவு யோசித்தும் மனதில் எந்தத் தீர்ப்பும் வரவில்லை. எட்டாவது பெயரைக் கூப்பிட்டார்.