தாலியில் கோத்த கதிர்ப் பதக்கம்

ஜப்பானில் பழுதான அணுவுலையின் தண்ணீரைக் கடலில் விடப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும், மூவாரில் என் அக்காவின் மாமியாரான அத்தை, தன் வீட்டில் மீன் சமைப்பதையே நிறுத்தினார். விஞ்ஞானிகளுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி முடிவெடுக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. அத்தைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு போதும். பேசியவர் யார், எந்த ஊர், என்ன படித்தவர், ஒன்றும் தெரியாது. குரல் மட்டும் கனம். "டாக்டர் மாதிரியே பேசறாரு" என்றார்.

கெம்போங் மீன் போனது, இறால் போனது, நெத்திலிச் சம்பல் போனது. மீன்காரச் சீனர் வேனை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தால் அத்தை ஜன்னலைச் சாத்துவார், ஹாரன் சத்தத்தோடு அணுக்கதிரும் உள்ளே வந்துவிடும் என்பதுபோல. ஆனால் சமையலறை அலமாரியில் உப்புப் பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. "இதுவும் கடல்லேர்ந்துதானே அத்தை வருது?" என்று கேட்டேன். "இது பழைய உப்பும்மா" என்றார். அதுவரை எனக்கு எல்லாம் சிரிப்புதான்.

நான் செனாயில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். மீட்டர் காட்டாத எதையும் நம்புவதில்லை. இந்தக் கூத்தை முடித்துவைக்க ஆன்லைனில் ஒரு கதிர்வீச்சு மீட்டர் வாங்கினேன். சோப்புப் பெட்டி அளவு இருக்கும். சும்மா வைத்தால் எப்போதாவது ஒரு 'டிக்'. கதிர் அதிகமானால் டிக் டிக்கென்று அடித்துக்கொள்ளும். அக்காவுக்கு வளைகாப்பு முடிந்த அடுத்த ஞாயிறு, அதைத் தூக்கிக்கொண்டு மூவாருக்குப் போனேன்.

போகும் வழியில் மார்க்கெட்டில் அரைக் கிலோ மீன் வாங்கினேன். மேசையில் வைத்து மீட்டரைக் காட்டினேன். அமைதி. உப்பு, அமைதி. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். காசு கொடுத்து வாங்கிய கருவி இப்படியா ஊமையாக இருப்பது? அப்போது நான் என்னதான் செய்கிறேன் என்று பார்க்க அக்கா குனிந்தாள்.

மீட்டர் அலறியது.

அவள் நிமிர்ந்தாள், அடங்கியது. குனிந்தாள், மறுபடி அலறல். தாலிக்கொடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தாலிக்கும் காசுக்கும் பக்கத்தில் கறுப்பாக வட்டமாக ஒரு பதக்கம். வளைகாப்பன்று நான் பந்தியிலேயே நின்றதால் இதைக் கவனிக்கவில்லை.

"இது என்னக்கா?"

"கதிர் உறிஞ்சற பதக்கம். அத்தைதான் வளைகாப்புல கோத்து விட்டாங்க. ஜப்பான் தண்ணி வருதுல்ல, அதுக்கு."

விற்றவர் யோங் பெங்கில் இருக்கும் கோயில் கமிட்டி மாமா. ஓய்வு பெற்றபின் அவருக்குக் காலையில் பஜனை, மாலையில் பதக்கம். இந்த மாதிரிப் பதக்கங்களில் தோரியம் கலந்த கனிமத் தூளைச் சேர்ப்பதுண்டு என்று படித்திருக்கிறேன். அதாவது கதிரைத் தடுக்க என்று விற்கிற பொருளே கதிரை விடும். அணுவுலைக்குப் பயந்து ஒரு குட்டி அணுவுலையைக் கழுத்தில் மாட்டுவது எங்கள் ஆட்களுக்குத்தான் வரும். அக்காவின் கொடி நீளம். பதக்கம் சரியாக வயிற்று மேட்டில் வந்து குந்தியிருந்தது. அதனால் உடனே ஒன்றும் ஆகிவிடாது, எனக்குத் தெரியும். ஆனால் ராத்திரி பகலாக, பிள்ளை பிறக்கும்வரை அது ஏன் அங்கே இருக்கவேண்டும்?

அத்தையைக் கூப்பிட்டு மீட்டரைப் பதக்கத்தில் வைத்துக் காட்டினேன். அத்தையின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா! எவ்வளவு கதிர உறிஞ்சி வச்சிருக்கு!"

தோரியம், அணு, சிதைவு என்று பத்து நிமிடம் வகுப்பெடுத்தேன். கைப்பேசியில் படம்கூட வரைந்து காட்டினேன். அத்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாலில கோத்தத கழட்டக் கூடாதும்மா. அதுவும் வயித்துப் புள்ளைக்காரிக்கு" என்றார். என் வகுப்பு அத்தோடு முடிந்தது.

"கழட்டினா சண்டை வரும்டி, விடு" என்று அக்கா முணுமுணுத்தாள். அவள் கை மட்டும் பதக்கத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் போய்விட்டது. அந்தக் கையைப் பார்த்தபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சத்தத்தைப் பெருமையாகக் கேட்கவைக்க அத்தையே கமிட்டி மாமாவைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார். மீட்டர் சத்தத்தைக் கேட்டு மாமா கொஞ்சம்கூட அசரவில்லை. "நிறைஞ்சிருச்சும்மா. அதான் அடிக்குது. புதுசு மாத்திரலாம். அடுத்த ஞாயித்துக்கெழம நானே கொண்டாந்துர்றேன்."

ஆக, கழற்ற வழி பிறந்தது. மறுபடி கோக்கவும் வழி பிறந்தது. அந்த வாரம் முழுக்க அக்கா கொடியை முதுகுப் பக்கம் திருப்பி, பதக்கத்தை உள்பாவாடை நாடாவில் ஊக்குக் குத்தியே வைத்திருந்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, அக்கா கழுத்தில் முதலில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார் அத்தை. பிறகுதான் கொடியைக் கழற்றினார். பழைய பதக்கம் தட்டுக்குப் போனது. மாமா பளபள ஸ்டிக்கரைக் கிழித்துப் புதுசை எடுத்து மேசையில் வைத்தார். நான் மீட்டரை அதன் பக்கத்தில் வைத்தேன்.

அலறல். பழசைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

"அலமாக்!" என்று அதிர்ந்தாள் அக்கா.

மாமா தொண்டையைச் செருமினார். "வர்ற வழியில ஹைவேல போன் டவர் நெறைய..."

"யோங் பெங்லேர்ந்து மூவாருக்கு வர்றதுக்குள்ள நிறைஞ்சிருச்சா?" அத்தையின் குரல் இறங்கியது. அது ஏறினால் பரவாயில்லை, இறங்கினால்தான் ஆபத்து. "அண்ணே, உள்ளதச் சொல்லுங்க. எவளோ போட்டுக் கழட்டினத துடைச்சு ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டாந்தீங்களா? என் மருமக தாலியில கோக்கறதுக்கு?"

"ஐயோ, இல்லம்மா, கம்பெனி மால்மா..."

"அப்ப எப்படி நிறைஞ்சிச்சு?"

மாமா கிழித்த ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரியான பதில் என்னிடம் இருந்தது. அத்தை, அது நிறையவும் இல்லை, யாரும் போட்டுக் கழற்றவும் இல்லை, அது பிறந்ததே அப்படித்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அக்கா என் தொடையைக் கிள்ளினாள். சதை பிய்ந்துவிடும்போல. வாயை மூடிக்கொண்டேன். படித்த படிப்புக்கு அந்தக் கிள்ளு அவமானம்தான். ஆனால் தோரியத்தால் முடியாததைப் பழைய சாமான் என்ற சந்தேகம் செய்து முடித்திருந்தது.

மாமா இரண்டு பதக்கங்களையும் பொறுக்கிக்கொண்டு, தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார். இனிமேல் யாரும் தொட்டுக் கொடுத்த எதுவும் அந்தக் கொடியில் ஏறாது என்று அத்தை அறிவித்தார். தாலியையும் காசையும் மட்டும் கோத்துவிட்டு, கொடியை என் பக்கம் நகர்த்தினார்.

"அந்த மிசின இதுல வச்சுப் பாரு."

வைத்தேன். மூவரும் குனிந்து காத்திருந்தோம். ஒரு டிக். ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று.

"ம். சுத்தம்" என்றார் அத்தை, கொடியை அக்கா கழுத்தில் போட்டபடி.