கஃபீல் மறுக்கவில்லை

என் மனைவியிடம் ஒரு பொய் சொன்னேன். எங்கள் பாஸ்போர்ட்டைத் தர கஃபீல் மறுத்துவிட்டார் என்பது அந்தப் பொய். உண்மையில் நான் அவரிடம் கேட்கவே இல்லை.

எழுபதுகளின் நடுவில் துபாயில், தேராவில் குடியிருந்தோம். நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஞ்சினியர். கம்பெனியின் அரபு முதலாளிதான் எனக்கு கஃபீல். அவர் பொறுப்பேற்றதால்தான் எங்களுக்கு விசா. எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அவர் அலுவலக இரும்புப் பெட்டியில் இருக்கும். லீவு வந்தால் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். என் மனைவிக்குத் தனிப் பாஸ்போர்ட் கிடையாது. என்னுடையதிலேயே அவள் படமும் ஒட்டியிருந்தது. அன்று பலருக்கும் அப்படித்தான்.

அவள் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள ஆசிரியையாக இருந்தவள். சாக்பீஸைப் பலகையிலிருந்து எடுக்காமல் ஒரே இழுப்பில், ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஐபீரியத் தீபகற்பத்தை வரைவாள். கல்யாணமானதும் வேலையை விடச் சொன்னவன் நான். "பாடம் நடத்துன ஊரையெல்லாம் நேர்ல பார்க்கப் போறே" என்று சொல்லித்தான் ராஜினாமா எழுத வைத்தேன். வந்த இடத்தில் மனைவி விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. மூன்று வருடங்களாக அவள் பார்த்ததெல்லாம் சந்தையும் எங்கள் பால்கனியும்தான்.

அந்த வருடம் நானே வாய் விட்டேன். "லீவுக்கு ஊருக்குப் போக வேணாம். ஸ்பெயின் போலாம்."

அன்று மாலையே சுவரில் நிலப்படம் ஏறிவிட்டது. மாட்ரிடில் இறங்குவது, ரயிலில் கோர்டோபா, செவில். அங்கிருந்து பஸ்ஸில் எல்லை ஆறு வரைக்கும் போய், படகில் ஆற்றைத் தாண்டிப் போர்ச்சுகல். தென்கரையில் நாலு நாள் கடல். கடைசியில் லிஸ்பன்.

"என்னங்க, இங்க பாருங்க. இங்க அக்கரைக்குப் போற நம்ம அப்ரா மாதிரி ஒரு படகு. இந்தக் கரையில ஏறினா ஒரு நாடு, அந்தக் கரையில இறங்கினா இன்னொரு நாடு!"

"நாலு நாளும் கடல்ல என்ன பண்ணுவே? நீச்சல் தெரியுமா உனக்கு?"

"புடவையோட முழங்கால் வரைக்கும் நிப்பேன். இங்க இருக்கறது கடலா? குளம். அது அட்லாண்டிக் சார்!"

சந்தோஷமாக இருக்கும்போது மட்டும் என்னை சார் என்பாள். பருப்புப்பொடி, ஊறுகாய், ஒரு சின்ன மின் அடுப்பு என்று தனியாக ஒரு பையும் தயாராகத் தொடங்கியது.

பிறகு எங்கள் சீஃப் எஞ்சினியரான வெள்ளைக்காரர் அதே மாதத்தில் தன் லீவை வைத்துக்கொண்டார். மூன்று வாரம் அவர் நாற்காலியில் யாராவது உட்கார வேண்டும். "நீ எங்கேயாவது போகிறாயா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. ஒருமுறை அங்கே உட்கார்ந்துவிட்டால் பிறகு அந்த இடம் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல நா எழவில்லை. என் வாக்கை நானே மீறியதாக ஆகிவிடும். கஃபீல் மீது பழி போடுவது சுலபமாக இருந்தது. வளைகுடாவில் யாரும் அதை ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

"பாஸ்போர்ட் கேட்டேன். மாஃபி, கலாஸ்னுட்டார், கிடையவே கிடையாதாம். வேலை இருக்காம்."

அவள் கோபப்படவில்லை. "பாவம், நீங்க எவ்வளவு ஆசையா இருந்தீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பக்கத்து ஃப்ளாட் குடும்பத்துக்குச் சாப்பாடு. அவர்களிடமும் சொன்னேன். சுவைக்காகக் கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன்: மேசையைத் தட்டினார், கத்தினார் என்று. உண்மையில் அந்த மனிதர் யாரிடமும் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை.

என் மனைவி சும்மா இருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் நான் சைட்டுக்குப் போன பிறகு, ரவா லட்டு ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு கஃபீல் வீட்டுக்கே போயிருக்கிறாள். பெருநாளுக்குப் போய்ப் போய் அவர் மனைவி பழக்கம். அந்தக் கால துபாய் வியாபாரிகளைப் போல கஃபீலுக்கும் பம்பாய் இந்தி நன்றாக வரும். இவளும் தெரிந்த இந்தியில் கேட்டிருக்கிறாள்: பத்தே நாள், மன்னித்துத் தந்துவிடுங்கள்.

மறுநாள் காலை கஃபீல் என் மேசைக்கு வந்தார். பாஸ்போர்ட்டை என் முன்னால் வைத்தார்.

"பாய், நான் உனக்கு எப்போது இல்லை என்றேன்?" என்று இந்தியில் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன்.

"உன் வீட்டம்மா முன்னாலேயே, பாஸ்போர்ட் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தாவை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ கேட்கவே இல்லை என்றான். அந்தப் பெண் அவனோடு சண்டை போட்டாள்."

அப்படியானால் முந்தின நாள் மாலை எனக்குக் காபி கொடுத்தபோதே அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் குமாஸ்தாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? எங்க வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார்னு சொன்னேன். மூணு தடவை சொன்னேன்."

நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். கேட்டாள். களைந்த தண்ணீரைக் கொட்டினாள்.

மூன்று வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். லீவு முடிந்து வந்த சீஃப் எஞ்சினியர் சில மாதங்களில் வேலையை விட்டபோது, அந்த இடத்துக்கு அவர் ஊரிலிருந்தே ஒருவர் வந்து இறங்கினார்.

கஃபீலிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "என்னிடம் எதற்கு? யாரிடமெல்லாம் சொன்னாயோ அவர்களிடம் போய்ச் சொல்" என்றார். நியாயம்தான். மறுபடி பக்கத்து வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். இலை போட்டதும் சொல்லிவிட்டேன்: கஃபீல் மறுக்கவில்லை, கத்தவும் இல்லை, நான்தான் பொய் சொன்னேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். "சார், இங்க அரபி யாரும் இல்ல. பயப்படாம பேசுங்க."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"கூப்பிட்டு மிரட்டிட்டாரா? விசாவில கை வெச்சுடுவேன்னாரா?"

என் மனைவி சாம்பார் வாளியோடு நின்றாள். "அவர் சொல்றது உண்மைதாங்க. கஃபீல் தங்கமான மனுஷர்" என்றாள்.

அந்த வீட்டம்மாள் தன் கணவரை முழங்கையால் இடித்தார். "பார்த்தீங்களா, வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்கறாங்களா? நீங்களும்தான் இருக்கீங்களே, எனக்கு வாய்ச்சது."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சாம்பாரை ஊற்றிக்கொண்டே போனாள். கஃபீலைப் பற்றி நான் சொன்ன பொய் தேராவில் பல வீடுகளுக்குப் போயிருந்தது. உண்மை அந்தப் பந்தியைக்கூடத் தாண்டவில்லை.

மறு வருடம் அவள் போட்ட வழியிலேயே பயணத்துக்கு ஏற்பாடு செய்யப் போகிறேன் என்றேன்.

"வேணாம். எனக்குத் தனியா ஒரு பாஸ்போர்ட் எடுத்துக் குடுங்க. அது போதும்."

தூதரகத்துக்கு அழைத்துப் போனேன். அப்போதெல்லாம் எந்தெந்த நாட்டுக்குப் போகலாம் என்று பாஸ்போர்ட்டிலேயே எழுதித் தருவார்கள். அதிகாரி கேட்டபோது, "ஸ்பெயின், போர்ச்சுகலும் சேர்த்துக்குங்க" என்றேன்.

"அதெல்லாம் வேண்டாம் சார்" என்றாள் அவள். அந்த சார் அதிகாரிக்கு.

ஜூனில் பள்ளி திறக்கும்போது திருச்சியில் இருந்தாள். பழைய பள்ளியில் இடம் இல்லை; வேறொரு பள்ளியில், தற்காலிக வேலை. சண்டை போட்டுப் போனாள் என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த கோடை விடுமுறைக்கு துபாய் வந்தாள், சமைத்தாள், என் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள், அப்ராவில் என்னோடு அக்கரைக்கும் வந்தாள். தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள்.

நிலப்படத்தை நான் சுவரிலிருந்து எடுக்காமலே வைத்திருந்தேன். அவள் பார்த்தால் மனம் மாறலாம் என்று ஒரு நினைப்பு. ஊருக்குத் திரும்புகிற நாளில் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஓரம்தான் மடங்கியிருக்கு. பிள்ளைங்களுக்கு கிளாஸ்ரூம்ல மாட்டலாம்" என்று சொல்லி, ஊசிகளைப் பிடுங்கி, சுருட்டித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.