போகாத பையைப் போய்விட்டது என்றேன்

கர்த்தருடைய பிள்ளைகளே, இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இரண்டாம் முறையும் பொய் சொன்னவன் ஆவேன். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெபசிங். ஊர் நாசரேத் பக்கம். ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் செய்யும் கம்பெனியில் வேலை. வடக்குப்பட்டில் மூன்று பேரோடு ஒரே ரூமில் இருக்கிறேன். போன வருஷம் ஜூன் மாதம், லைனில் நிற்கும்போது வயிறு வலித்தது. கேஸ் என்று நினைத்து சோடா குடித்தேன். இரண்டு நாள் அப்படியே வேலை பார்த்தேன். மூன்றாம் நாள் கம்பெனி பாத்ரூமில் விழுந்துவிட்டேன்.

குடல் ஓட்டையாகி வயிறெல்லாம் சீழ் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து தைத்தார்கள். ஐந்தாம் நாள் உள்தையல் விட்டுப்போய்க் காய்ச்சல் கொதித்தது. மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். குடலின் ஒரு பகுதியை வெளியே எடுத்து, தொப்புளுக்கு வலது பக்கம் வைத்துத் தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். அன்று முதல் என் மலம் அந்தப் பையில்தான் விழுகிறது.

எனக்கு வயது இருபத்தெட்டு. அதை அடக்கவும் முடியாது, நேரம் சொல்லவும் முடியாது. நாலு பேர் நடுவில் சத்தம் போடும். சத்தம் வந்தால் உடனே இருமுவேன். எல்லாரும் குளித்து முடித்தபிறகுதான் பாத்ரூமுக்குள் போவேன். ஒருநாள் பை கழன்று பாயெல்லாம் நனைந்துவிட்டது. ரூம் பையன்களிடம் டீ கொட்டிவிட்டது என்று சொல்லித் துவைத்துப் போட்டேன். அவர்கள் நம்பவில்லை. ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபரில் வேலைக்குத் திரும்பினேன். உட்கார்ந்து பார்க்கும் செக்கிங் வேலை கொடுத்தார்கள். நவம்பரில் பையை எடுத்து குடலை உள்ளே சேர்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகச் சபையார் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தார்கள். ஆனால் டெஸ்ட் எடுத்தபோது, தைத்த இடம் சுருங்கியிருக்கிறது, இப்போது தொட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் ஐயா மைக்கை என் கையில் கொடுத்து, "தம்பி, ஆண்டவர் செஞ்சதச் சொல்லுங்க" என்றார். எனக்காகப் பட்டினி கிடந்த முகங்கள் எல்லாம் எதிரில் இருந்தன. பை இன்னும் இருக்கிறது என்றால் என் விசுவாசம்தான் குறை என்று நினைப்பார்களே என்று பயந்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய். நான்தான் சொன்னேன். ஆபரேஷன் இல்லாமலே கர்த்தர் குடலைச் சேர்த்துவிட்டார், பை போய்விட்டது என்றேன். கைதட்டினார்கள். ஸ்தோத்திரம் சொன்னார்கள். சட்டைக்குள் பை கால்வாசி நிரம்பியிருந்தது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் சாப்பிடாமலே சபைக்குப் போனேன். சத்தம் போடும் ஃபேனுக்குக் கீழே, வாசல் ஓரமாக உட்கார்ந்தேன். ஜெபிக்கக் கண்ணை மூடினால் ஆண்டவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. காலை ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்ததும் கலா அக்காவிடமிருந்து போன். அவர் எங்கள் சபை. அவர் கணவர் சேகர் அண்ணன்தான் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர். நான் மைக்கில் சொன்ன சாட்சியை அக்கா வாயால் கேட்டபிறகுதான் அண்ணன் சபைக்கே வர ஆரம்பித்திருந்தார்.

"தம்பி, இவருக்குக் கொடல்ல அடைப்பாம்பா. ஒடனே ஆபரேஷன் பண்ணி பை வைக்கணும்னு டாக்டரு சொல்றாரு. இவரு ஆபரேஷன் வேணாம்னு கையெழுத்து போட்டுட்டு வூட்டுக்கு வந்துட்டாரு. உனக்கு ஜெபத்துலயே போச்சுல்ல, நீ வந்து கைய வச்சா போதும்னு சொல்லிகினு கீறாரு. சீக்கிரம் வாப்பா."

போனை வைத்ததும் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணன் கட்டிலில் கிடந்தார். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. பச்சையாக வாந்தி எடுத்திருந்தார். என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு மனிதன் என் பொய்யை நம்பிச் சாகக் கிடக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. ஆண்டவரே, என்னை எவ்வளவு வேண்டுமானாலும் அவமானப்படுத்தும், இவரை எடுத்துக்கொள்ளாதேயும். அந்த ஒரு ஜெபம்தான் வந்தது.

எழுந்து நின்று சட்டையைத் தூக்கினேன்.

"அண்ணே, பாருங்க. பை போவல. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். இருமி மறைக்க நேரமில்லை. பை சத்தம் போட்டது. அந்த அறையில் எல்லாரும் கேட்டார்கள்.

"ஐயோ பாவி! இன்னாடா சொல்ற? உன்ன நம்பித்தானேடா இந்தாளு இப்டி கெடக்கறாரு!" என்று கலா அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். ஆமாம் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

சேகர் அண்ணன் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார். "இத்த வச்சுகினு வேலைக்குப் போலாமா?"

"நாலு மாசமா இதோடதான் அண்ணே உங்க பஸ்ல வாரேன்."

"நெசமாவா? எனக்கு ஒன்னும் தெரியலியேடா" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஆட்டோவக் கூப்புடு" என்றார்.

அன்று மாலையே ஆபரேஷன் நடந்தது. இன்னும் தாமதித்திருந்தால் குடல் அழுகியிருக்கும் என்றார்கள். தேவன் அவர் உயிரைக் காத்தார். என் வாழ்க்கையில் நான் கேட்டு, கேட்டபடியே பதில் கிடைத்த ஜெபம் அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. "நானும் ஒண்ணும் விசாரிக்காம மைக்கக் குடுத்துட்டேன்" என்று பாஸ்டர் ஐயா தலைகுனிந்தார். சில குடும்பங்கள் இப்போதும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. கலா அக்கா பேசுகிறார், ஆனால் அண்ணனுக்குப் பை மாற்றுவதைப் பற்றி மட்டும்தான். அதற்குமேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

என் பையை எடுக்க டாக்டர் இன்னும் பொறுக்கச் சொல்கிறார். பொறுத்திருக்கிறேன். இப்போதெல்லாம் ஞாயிறு காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் சபைக்குப் போகிறேன்.

இதைப் படிக்கிற சகோதரனே, சகோதரியே, கர்த்தரை நம்புங்கள், ஜெபியுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் போங்கள். பை வைக்கச் சொல்கிறார்களே, எப்படி வாழ்வது என்று பயந்தால் எங்கள் சபைக்கு வந்து என்னைக் கேளுங்கள். சட்டையைத் தூக்கிக் காட்டுகிறேன். வெட்கத்தோடுதான் காட்டுவேன். ஆனாலும் காட்டுவேன்.